மரு போனது நத்தையாலா?



அடுத்த வாரம் கட்டுரைப் பாடவேளையில் உங்கள் ஆசிரியர், ‘மழைக்காலம்’, ‘நான் விரும்பும் தலைவர்’ என்ற வழக்கமான தலைப்புகளை ஒதுக்கிவிட்டு, “வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள முதியவர்களிடம் சென்று, அந்தக் காலத்தில் பல்வலிக்கும் சுளுக்குக்கும் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள்” என்று சொன்னால் எப்படி இருக்கும்? அயர்லாந்தில் 1937-ஆம் ஆண்டு இப்படி ஒரு வீட்டுப்பாடம் உண்மையாகவே கொடுக்கப்பட்டது. அதுவும் ஒரு பள்ளியில் அல்ல. அந்நாட்டின் 26 மாவட்டங்களிலும் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில், பெரும்பாலும் 11 முதல் 14 வயது வரையிலான ஏறத்தாழ 50,000 சிறுவர் சிறுமியர் இப்பணியில் ஈடுபட்டார்கள். 1935-இல் தொடங்கப்பெற்ற அயர்லாந்து நாட்டுப்புறவியல் ஆணையம் கல்வித் துறையோடும் ஆசிரியர் சங்கத்தோடும் சேர்ந்து இந்த ஏற்பாட்டைச் செய்தது. 1939-இல் பணி முடிந்தபோது இலட்சக்கணக்கான பக்கங்கள் சேர்ந்துவிட்டன. அவை இன்றும் டப்ளின் நகரிலுள்ள பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அந்தச் சிறுவர்கள் எழுதிய தலைப்புகள் பல: கதைகள், விளையாட்டுகள், பழைய கல்லறைகள், வானிலை அறிகுறிகள். ‘உள்ளூர் வைத்தியம்’ என்பதும் அவற்றுள் ஒன்று. இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்த ஒரு தலைப்பின் மீதுதான் மோகம். காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் சில வைத்தியங்களைப் பாருங்கள். கையில் மரு வந்தால் (சிலர் பாலுண்ணி என்பார்கள்) ஒரு நத்தையைப் பிடித்து அதன் மேல் தேய்க்க வேண்டும். பிறகு அந்த நத்தையை ஒரு முள்ளில் குத்தி வைக்க வேண்டும். நத்தை காய்ந்து போகப்போக மருவும் காய்ந்து போகுமாம். அல்லது, தேடிப் போகாமல் தற்செயலாகக் கண்ணில் பட்ட பாறைக்குழித் தண்ணீரில் கையைக் கழுவ வேண்டும். கண்கட்டி வந்தால் கூஸ்பெரிச் செடியின் பத்து முட்களைப் பறித்து, ஒன்பதைக் கட்டிக்கு நேரே ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுப் பத்தாவதை வீசிவிட வேண்டும். தொண்டைக் கம்மலுக்கும் இருமலுக்கும் கடற்கரைப் பாறைகளில் வளரும் ‘காரகீன்’ என்ற செம்பாசியைப் பாலில் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும். வெட்டுக் காயத்தில் சிலந்திவலையை வைத்து அழுத்த வேண்டும். குழந்தைக்குக் கக்குவான் இருமல் கண்டால் ஒரு கழுதையின் வயிற்றுக்குக் கீழே மூன்று முறை நுழைத்து எடுக்க வேண்டும். அல்லது வழியே வெள்ளைக் குதிரையில் வரும் ஒருவரை நிறுத்தி, இருமலுக்கு என்ன மருந்து என்று கேட்டு, அவர் வாயில் வருவது எதுவோ அதைச் செய்ய வேண்டும்.

சிரிப்பு வருகிறதா? காரகீன் பாசியைப் பற்றிச் சிரிக்க வேண்டாம். அதிலிருந்து எடுக்கப்படும் கொழகொழப்பான பொருள் இன்று உலகெங்கும் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்க்கப்படுகிறது. சூடான பாலில் கரைந்து தொண்டையின் மேல் வழவழப்பான ஒரு பூச்சாகப் படியும்போது, புண்ணான தொண்டைக்கு இதமாக இருப்பதில் வியப்பில்லை. சிலந்திவலையையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நெருக்கமான இழைகள் இரத்தம் உறைவதற்கு ஒரு வலைபோல உதவக்கூடும். ஆனால் மாட்டுக் கொட்டகையின் கூரையிலிருந்து எடுத்த வலையில் டெட்டனஸ் கிருமியின் வித்துகளும் ஒட்டியிருக்கலாம் என்பதை அந்த வைத்தியம் அறியாது.

நத்தைக்கு வருவோம். இந்த நோட்டுப் புத்தகங்களில் மருவுக்குச் சொல்லப்படும் வைத்தியங்களுக்குக் கணக்கே இல்லை. நத்தை, பாறைக்குழித் தண்ணீர், உருளைக்கிழங்குத் துண்டு, பன்றி இறைச்சித் துண்டு, டாண்டிலியன் செடியின் பால், நோன்பிருக்கும் வாயின் எச்சில் என்று நீண்டுகொண்டே போகும். ஒரே நோய்க்கு இத்தனை மருந்துகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை, எல்லாமே பலித்தன என்று சொல்லப்படுபவை! இப்படி ஒரு பட்டியலைக் காணும்போது, மருந்துகளை விட்டுவிட்டு நோயைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மரு என்பது ஒரு வகை வைரஸால் வருவது. குழந்தைகளுக்கு வரும் மருக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, எந்த மருந்தும் போடாமலே இரண்டாண்டுகளுக்குள் மறைந்துவிடுகின்றன. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி அந்த வைரஸை ஒருநாள் அடையாளம் கண்டு விரட்டிவிடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு வட்டாரத்தில் 90 சிறுவர்களுக்கு மரு இருக்கிறது. எல்லோரும் நத்தையைத் தேய்க்கிறார்கள் என்று கொள்வோம். நத்தையால் ஒரு பயனும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டாண்டு முடிவில் சுமார் 60 பேருக்கு மரு இருக்காது. இந்த 60 பேரும் ஆயுள் முழுதும், “எனக்கு நத்தையால்தான் போயிற்று, என் கண்ணால் பார்த்தேன்” என்று சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நத்தையைத் தேய்த்ததும் உண்மை, மரு போனதும் உண்மை. மீதி 30 பேர் என்ன ஆனார்கள்? அவர்கள் வேறு ஏதோ ஒன்றைத் தேய்க்கப் போய்விட்டார்கள். பலிக்காத வைத்தியத்தை யாரும் பேரனுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆகவே 1937-இல் ஒரு சிறுமி நோட்டுப் புத்தகத்தோடு வந்து கேட்டபோது, அவளுக்குக் கிடைத்தது அந்த 60 பேரின் சாட்சியம் மட்டுமே.

என் சொந்தக் கதை ஒன்று. நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது என் வலது கைக் கட்டைவிரலில் ஒன்றும் இடது முழங்கையில் ஒன்றுமாக இரண்டு மருக்கள் இருந்தன. என் அத்தை ஒரு ஜட்கா வண்டிக்காரரிடம் குதிரைவால் முடி வாங்கிவந்து, கட்டைவிரல் மருவின் அடியில் இறுக்கிக் கட்டிவிட்டார். முழங்கையில் இருந்தது தட்டையாக இருந்ததால் முடி நிற்கவில்லை, விட்டுவிட்டார். (அயர்லாந்திலும் மருவுக்குக் குதிரை முடி கட்டும் வழக்கம் உண்டு என்று பின்னாளில் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.) கட்டைவிரல் மரு சில வாரங்களில் விழுந்தது. அத்தைக்குத் தெருவெல்லாம் பெயர். ஆனால் அதே ஆண்டு கோடை விடுமுறை முடிவதற்குள் முழங்கை மருவும் போய்விட்டது. அதை நான் ஒருவன்தான் கவனித்தேன். அத்தையிடம் சொன்னேன். “கையில் கட்டினது முழங்கைக்கும் கேட்டிருக்குடா” என்றார். இரண்டே மருக்களை வைத்து நான் ஒரு சட்டம் எழுத வரவில்லை. இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு மரு விழக்கூடும் என்பது நியாயமான விளக்கம்தான். கூடவே புண்ணாகிச் சீழ் பிடிக்கவும் கூடும். நான் சொல்ல வருவது, கட்டப்படாத அந்த இரண்டாவது மருவைப் பற்றி. எந்தச் சோதனையிலும் அப்படி ஒன்று இருந்தாக வேண்டும்.

விளக்கங்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் காஞ்சொறி வகைச் செடி ஒன்று வேலியோரமெங்கும் மண்டிக் கிடக்கும். தொட்டால் சுரீரென்று எரியும். உடனே பக்கத்தில் வளரும் ‘டாக்’ என்ற அகன்ற இலையைப் பறித்துத் தேய்ப்பார்கள். கேட்டால் விஞ்ஞான விளக்கம் தயாராக இருக்கும்: “காஞ்சொறியில் அமிலம் இருக்கிறது, டாக் இலையில் காரம் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் நடுநிலை.” எவ்வளவு அழகான விளக்கம்! பத்தாம் வகுப்பு வேதியியலோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் தவறு. டாக் இலையின் சாறு காரமே அல்ல. அதில் ஆக்ஸாலிக் அமிலம் இருக்கிறது, நீல லிட்மஸைச் சிவப்பாக்கும். காஞ்சொறியின் எரிச்சலுக்கும் அமிலம் மட்டும் காரணமில்லை. அதன் ஒவ்வொரு மயிரும் நுனி உடையக்கூடிய ஒரு கண்ணாடி ஊசி போன்றது. அது தோலில் குத்தி ஹிஸ்டமின், அசெட்டைல்கோலின், செரட்டோனின் முதலிய பொருள்களை உள்ளே செலுத்துகிறது. தோலுக்குள் போய்விட்ட ஹிஸ்டமினை மேலே தேய்க்கும் இலை என்ன செய்துவிட முடியும்?

ஆனாலும் தேய்த்தவர்களுக்குச் சுகமாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஈரமான சாறு ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, குளிர்ச்சி தெரிகிறது. மேலும் வலிக்கும் இடத்தைத் தேய்த்தால் வலி குறைவதை நீங்களே முழங்கால் இடித்துக்கொண்டபோது அறிந்திருப்பீர்கள். தேய்ப்பதால் எழும் தொடு உணர்ச்சிகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் ஒரு கொள்கையை வெளியிட்டார்கள். அப்படியானால் டாக் இலைக்குப் பதிலாக ஈரமான எந்த இலையைத் தேய்த்தாலும் போதுமா? இதற்கு விடை காண ஒரு பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

நத்தையை நம்புகிறவரைவிட, இந்த அமில-காரக் கதையைச் சொல்லும் படித்தவரைக் கண்டுதான் எனக்கு அதிகம் கவலை. நத்தைக்காரர் தம்மை விஞ்ஞானி என்று சொல்லிக்கொள்வதில்லை. படித்தவரோ ஒரு லிட்மஸ் தாளைக்கூடத் தொடாமல் பழைய வழக்கத்துக்கு விஞ்ஞான முத்திரை குத்திவிடுகிறார். ‘நம் முன்னோர்கள் எல்லாவற்றையும் அறிந்திருந்தார்கள்’ என்று பூரிப்பவர்களும், ‘எல்லாம் மூடநம்பிக்கை’ என்று உதறுபவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இருவருமே சோதித்துப் பார்க்கவில்லை.

இயற்பியல் மாணவனுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய ஐரிஷ் வைத்தியம் ஒன்று உண்டு. அதுதான் வியர்வை வீடு. லீட்ரிம், கேவன், ஸ்லைகோ, ஃபெர்மானா ஆகிய மாவட்டங்களில், பெரும்பாலும் ஓடைக்கரைகளில், தேன்கூட்டு வடிவில் கல்லால் அடுக்கிய சிறு குடில்கள் இன்றும் காணப்படுகின்றன. குனிந்து தவழ்ந்துதான் உள்ளே நுழைய முடியும். மூட்டுவலிக்காரர்களுக்கான வைத்தியசாலை அது. சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண் கட்டிகளை உள்ளே போட்டுப் பல மணி நேரம் எரிப்பார்கள். கல் நன்றாகச் சூடேறியதும் நெருப்பையும் சாம்பலையும் வாரி வெளியே கொட்டிவிட்டு, தரையில் கோரையோ பெரணி இலையோ பரப்பி, நோயாளிகள் உள்ளே சென்று வாயிலை அடைத்துக்கொண்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருப்பார்கள். பின்பு வெளியே வந்து ஓடைக் குளிர்நீரில் ஒரு முழுக்கு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியோடு இவ்வழக்கம் பெரும்பாலும் நின்றுபோயிற்று.

நெருப்பை வெளியே எடுத்த பிறகு எங்கிருந்து வருகிறது சூடு? கல்லிலிருந்து. உட்புறச் சுவரில் 1,000 கிலோகிராம் கல் 50 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறியது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கல்லின் வெப்ப எண் கிலோவுக்கு ஏறத்தாழ 840 ஜூல். பெருக்கினால் 4 கோடியே 20 இலட்சம் ஜூல் வருகிறது. 1,000 வாட் மின்னடுப்பு ஒன்றைச் சுமார் 12 மணி நேரம் எரியவிடுவதற்குச் சமம் இது! மின்சாரமும் வெப்பமானியும் இல்லாத மலைக் கிராமத்து விவசாயி, கல்லை ஒரு வெப்பச் சேமிப்புக் கிடங்காகப் பயன்படுத்தியிருக்கிறார். புகையின்றி, சுற்றிலும் சீராகக் கதிர்வீசும் சூடு. நெருப்பை வெளியே வாரிக் கொட்டினார்களே, அது எவ்வளவு முக்கியமான காரியம் தெரியுமா? உள்ளேயே விட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு வாயுவால் மூட்டுவலி மட்டுமல்ல, மூச்சே நின்றிருக்கும்.

சூடு மூட்டுகளின் விறைப்பைச் சற்று நேரத்துக்குத் தளர்த்தும். இன்றைய மருத்துவமனைகளிலும் ஒத்தடம் உண்டு. ஆனால் அது நோயின் வேரைத் தொடுவதில்லை. இருதயம் பலவீனமானவர்களுக்கு அந்தக் கொதிப்பும் உடனே குளிர்நீர் முழுக்கும் ஆபத்தாகவும் முடியலாம். இங்கே ‘பலித்தது’ என்ற சொல்லுக்கு ‘நோய் தீர்ந்தது’ என்று பொருளா, ‘இரண்டு நாள் வலி குறைந்தது’ என்று பொருளா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நோட்டுப் புத்தகங்களில் இது பெரும்பாலும் தெளிவாக இருப்பதில்லை.

என் சக ஆசிரியர் ஒருவர், “மருவுக்கு நத்தையைத் தேய்த்தால் உனக்கென்ன நஷ்டம்? நத்தைக்குத்தானே நஷ்டம்? விட்டுவிடேன்” என்பார். மருவின் மட்டில் நானும் விட்டுவிடுவேன். ஆனால் அதே நோட்டுப் புத்தகத்தின் அடுத்த வரியில் கக்குவான் இருமல் வருகிறதே! மரு காத்திருக்கும். கைக்குழந்தையின் மூச்சு காத்திருக்காது. கழுதையின் வயிற்றுக்கடியில் நுழைந்து வந்த குழந்தைகளிலும் பலர் பிழைத்தார்கள், ஏனென்றால் அந்நோயும் பல வாரங்கள் வாட்டிவிட்டுத் தானே தணியக்கூடியது. பிழைக்காத குழந்தைகளின் கணக்கைக் கழுதை வைத்துக்கொள்ளவில்லை. இந்நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை போர்டே, ஷாங்கு ஆகிய இருவர் 1906-இல் அறிவித்தார்கள். பிறகு தடுப்பூசி வந்தது. நீங்கள் குழந்தையாக இருந்தபோது போடப்பட்ட முத்தடுப்பு ஊசியில் அதுவும் ஒன்று.

இங்கே அந்தப் பெற்றோர்களிடம் நாம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். 1937-இல் கக்குவான் இருமலுக்கு டாக்டரிடமும் நல்ல மருந்து கிடையாது. எதிருயிரி மருந்துகள் பழக்கத்துக்கு வராத காலம். நீலம் பாரித்து இருமும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கைகட்டி உட்கார்ந்திருக்க எந்தத் தாயாலும் முடியாது. எதையாவது செய்ய வேண்டும் என்ற தவிப்புத்தான் கழுதையைத் தேட வைத்தது. அன்று கழுதையைத் தேடியதை மன்னிக்கலாம். தடுப்பூசி வந்த பிறகும் தேடினால்?

மூலிகை என்றாலே தீங்கில்லாதது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அயர்லாந்தின் வேலிகளில் ஊதா நிற மணிகள் தொங்குவது போலப் பூக்கும் ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியை எடுத்துக்கொள்ளுங்கள். தேவதைகள் பிடித்துக்கொண்டதாகக் கருதப்பட்ட நோஞ்சான் குழந்தைகளுக்கு அதன் சாற்றைக் கொடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. அது கொடிய நஞ்சு. அதே செடியை இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற டாக்டரும் கண்டார். 1775-இல் ஒரு மூதாட்டியின் குடும்ப வைத்தியம் அவர் பார்வைக்கு வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் கொண்ட கலவை அது. அவற்றில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ்தான் என்று ஊகித்து, பத்தாண்டுகள் சிறுசிறு அளவுகளில் கொடுத்துப் பார்த்து, 1785-இல் புத்தகமாக வெளியிட்டார். இருதய நோய்க்கு இன்றும் பயன்படும் டிஜிட்டாலிஸ் வகை மருந்துகள் இப்படித்தான் பிறந்தன. விதரிங் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, குணமானவர்களோடு குணமாகாதவர்களையும் அவர் புத்தகத்தில் சேர்த்ததுதான். நத்தைக் கணக்கில் காணாமற்போன அந்த 30 பேர் விதரிங்கின் புத்தகத்தில் இருக்கிறார்கள்.

செடி ஒன்றே, ஒரு கையில் நஞ்சு, ஒரு கையில் மருந்து. வேறுபாடு அளவில் இருக்கிறது. கைப்பிடி இலை என்பது ஓர் அளவல்ல. ஒரே செடியில் இலைக்கு இலை, மாதத்துக்கு மாதம் மருந்துப்பொருளின் அளவு மாறும். தராசு இல்லாத வைத்தியத்தில் நான் பயப்படுவது இதற்காகத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகிழ்ச்சியான செய்தி அல்ல. 1895 மார்ச்சில் டிப்பரரி மாவட்டத்தில் பாலிவாட்லி என்ற சிற்றூரில் பிரிஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண் நோயுற்றுப் படுத்தாள். டாக்டரும் வந்து பார்த்தார். ஆனால் அவள் கணவனுக்கு, படுத்திருப்பது தன் மனைவியே அல்ல, அவளைத் தேவதைகள் கொண்டுபோய்விட்டு வேறொன்றை விட்டுச் சென்றிருக்கின்றன என்ற எண்ணம் விழுந்துவிட்டது. உறவினர்கள் பிடித்துக்கொள்ள, பாலில் காய்ச்சிய மூலிகையை வலுக்கட்டாயமாக ஊட்டினார்கள். மறுநாள் இரவு கணவன் அவளைத் தீயிட்டான். வழக்கு நடந்து அவனுக்கு 20 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அவளைக் கொன்றது மூலிகையல்ல, நோய்க்கு அவர்கள் வைத்திருந்த விளக்கம். தவறான விளக்கம் தீங்கற்ற பொழுதுபோக்கு என்று யாராவது என்னிடம் சொன்னால் இந்தப் பெண்ணின் நினைவுதான் வருகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, பழைய வைத்தியங்களை எல்லாம் மூட்டை கட்டிக் கடலில் போடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபெர்மானா மாவட்டத்தில் போஹோ என்ற சுண்ணாம்புப் பாறைப் பகுதி இருக்கிறது. அது வடஅயர்லாந்தைச் சேர்ந்தது. ஆகவே 1937-இன் நோட்டுப் புத்தகங்களில் அது அடங்காது. 1815-இல் இறந்த ஜேம்ஸ் மெக்கிர் என்ற பாதிரியாரின் கல்லறை அங்கே ஒரு தேவாலய வளாகத்தில் உள்ளது. அவர் கல்லறை மண் நோய் தீர்க்கும் என்பது ஊரார் நம்பிக்கை. ஒரு சிட்டிகை மண்ணைத் துணியில் முடிந்து தலையணைக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு நாட்களுக்குள் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். நத்தைக்கும் கழுதைக்கும் தம்பிபோலத்தானே இருக்கிறது?

ஆனால் அப்பகுதியோடு தொடர்புள்ள ஒரு நுண்ணுயிரியல் ஆய்வாளரும், வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவருடைய குழுவினரும் அந்த மண்ணை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்றார்கள். அதில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்தைச் சேர்ந்த புதிய பாக்டீரியா ஒன்று கிடைத்தது. சோதனைத் தட்டுகளில் அது, பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் சிலவற்றின் வளர்ச்சியைத் தடுத்தது. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் அவற்றுள் ஒன்று. 2018-இல் முடிவுகள் வெளியாயின. எதிருயிரி மருந்துகள் ஒவ்வொன்றாகப் பலனிழந்து வரும் இக்காலத்தில் இது சாதாரணச் செய்தியல்ல. நீங்கள் என் வயதை அடையும்போது, ஒரு சாதாரணப் புண் சீழ்பிடித்தால் போட மருந்து இருக்குமா என்பது இத்தகைய தேடல்களைப் பொறுத்திருக்கிறது.

அப்படியானால் ஊரார் நம்பிக்கை நிரூபணமாகிவிட்டதா? சற்றுப் பொறுங்கள். தலையணைக்கடியில் துணிக்குள் இருக்கும் பாக்டீரியா, தூங்குகிறவரின் தொண்டைக்குள் போய் மருந்து சுரப்பதில்லை. சோதனைத் தட்டில் நடந்ததும் தலையணைக்கடியில் நடந்ததும் வேறு வேறு. மேலும், ஸ்ட்ரெப்டோமைசிஸ் அபூர்வமான உயிரினமும் அன்று. முதல் மழை விழுந்ததும் எழுகிறதே மண்வாசனை, அதற்குப் பெரும் காரணம் இந்த இனந்தான். நாம் பயன்படுத்தும் எதிருயிரி மருந்துகளில் பெரும்பகுதி இதன் குடும்பத்திலிருந்தே வந்தவை. காசநோயை முதன்முதல் அடக்கிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் அமெரிக்கத் தோட்டம் ஒன்றிலோ வயலிலோ கிடைக்கக்கூடிய சாதாரண மண்வாழ் உயிரியிலிருந்துதான் பிரிக்கப்பட்டது. ஆகவே பாதிரியாரின் மண்ணுக்குத் தனிச் சிறப்பு உண்டா என்று அறிய, பக்கத்து ஊர்க் கல்லறை மண்ணையும், யாரையும் புதைக்காத வயல் மண்ணையும் அதே முறையில் சோதித்தாக வேண்டும். என் இடது முழங்கை மரு மறுபடியும் வந்துவிட்டது பார்த்தீர்களா?

எனினும் அந்த நம்பிக்கை ஒரு வேலையைச் செய்திருக்கிறது. உலகில் எத்தனையோ மண் இருக்க, எங்கே தோண்டிப் பார்ப்பது என்று ஒரு விரலை நீட்டிக் காட்டியது. வைத்தியமாக அது தேறவில்லை, துப்பாகத் தேறிவிட்டது. பாட்டி வைத்தியம் பற்றிய என் கட்சி இதுதான். அதை மருந்துக் கடையில் வைக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். ஆய்வுக்கூடத்தின் வாசலில் வரிசையில் நிறுத்துங்கள். போஹோ மண்ணின் பாக்டீரியாவே இன்னும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. அது மருந்தாகக் கடைக்கு வந்துவிடவில்லை.

இந்த இடத்தில் ஓர் ஐரிஷ்காரரைக் குறிப்பிடாமல் போக எனக்கு மனமில்லை. 1820-இல் கார்லோ மாவட்டத்தில் பிறந்த ஜான் டிண்டால், ஒளிச் சிதறலைப் பற்றி உங்கள் பாடப் புத்தகத்தில் வரும் அதே டிண்டால், காற்றிலுள்ள கிருமிகளை ஆராய வரிசையாகக் குழாய்களில் இறைச்சிச் சாற்றை ஊற்றி வைத்திருந்தார். பெனிசிலியம் என்ற பூஞ்சை சாற்றின் மேல் தடித்துப் படர்ந்த குழாய்களில் பாக்டீரியாக்கள் மடிந்தோ அடங்கியோ போயிருந்ததைக் கண்டு 1876-இல் எழுதியும் வைத்தார். மேற்கொண்டு அந்த வழியே அவர் போகவில்லை. ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928-இல். இடையில் 52 ஆண்டுகள்! இயற்பியல்காரர்களாகிய எங்களுக்கு இது கொஞ்சம் வருத்தமான கதைதான். ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி அவர் எழுதி வைத்தாரே, அதனால்தான் இன்று நாம் அதைப் பேச முடிகிறது.

அந்த 50,000 சிறுவர்களும் அவ்வளவுதான் செய்தார்கள்: கேட்டதைக் கேட்டபடி எழுதினார்கள். நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். உங்கள் வீட்டு முதியவர்களிடம் கேட்டு, யார் சொன்னார், எந்த நோய்க்கு, என்ன பொருள், எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதுங்கள். எழுதுவதோடு நிறுத்துங்கள், எதையும் உங்கள் மேலோ தம்பி தங்கையர் மேலோ சோதித்துப் பார்க்க வேண்டாம். ஐரிஷ் நோட்டுகளில் இல்லாத கேள்வி ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: “இதைச் செய்தும் யாருக்கு, எப்போது குணமாகவில்லை?” முதல் முறை கேட்டால் பாட்டி கோபித்துக்கொள்வார். இரண்டாம் முறை சற்று யோசிப்பார். மூன்றாம் முறை ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயரையும் எழுதுங்கள். டாக் இலைக் கேள்விக்கு ஒரு நல்ல சோதனைத் திட்டம் தோன்றினால் அதை இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். எந்த இலையைத் தேய்க்கிறோம் என்பது தேய்க்கப்படுகிறவருக்குத் தெரியாமல் இருக்க என்ன வழி என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். நான் இரண்டு நாளாக யோசித்தும் எனக்கு ஒரு வழிதான் தோன்றியது. அதுவும் அவ்வளவு திருப்தியாக இல்லை.